அக்குளில் ஒரு சதுரத் துண்டு

எங்கள் புக்கிட் பெலிம்பிங்குக்கு வெளியூர்க்காரர்கள் வருவது மின்மினி பார்க்க. சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள் வரிசையாக நிற்கும். இருட்டியதும் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். கோலாலம்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, ‘ஆ’ என்று வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, கோலசிலாங்கூரில் மீன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் அதற்கு எதிர்த்திசையில் போகிறவள். வருடத்துக்கு ஒரு வாரம் கோலாலம்பூருக்குப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவேன். முகத்தையல்ல, முதுகையும் தோளையும் கைமடிப்பையும். தையல்காரிக்கு மனிதர்கள் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பதினேழு வயதில் தோட்ட லயத்தில் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவிடம் தையல் பழகினேன். முதலில் பாவாடை, பிறகு பள்ளிப் பிள்ளைகளின் நீலப் பினோஃபோர், அப்புறம்தான் சேலைச் சட்டை. சிங்கர் மிஷின் தவணையில் வந்தது. கடைசித் தவணை கட்டிய அன்று அப்பா அதற்கு விபூதி பூசிக் கும்பிட்டார். இப்போது மோட்டார் வைத்த மிஷினும் ஓவர்லாக்கும் இருந்தாலும், நுணுக்கமான வேலைக்கு அந்தப் பழைய கால்மிஷின்தான். கால் சொன்ன இடத்தில் ஊசி நிற்கும்.

தோட்டத்துத் துணி எங்கே கெடும் என்பது அங்கே நிற்கும் மரத்தைப் பொறுத்தது. கித்தா, அதாவது ரப்பர், மரக் காலத்தில் சட்டை கறையால் கெட்டது. பால் பட்ட இடம் காய்ந்து கறுத்துத் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், எந்தச் சவுக்காரத்துக்கும் அசையாது. செம்பனை வந்த பிறகு சட்டை அக்குளில் கிழிய ஆரம்பித்தது. மரம் சீவுகிறவருக்குக் கை நெஞ்சு உயரத்தில் இருந்தால் போதும். குலை வெட்டுகிறவர் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி இழுக்க வேண்டும். இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதல் செம்பனை நட்டது எங்கள் பக்கத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தெனமாராம் தோட்டத்தில், 1917ல், ஹென்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை நட்டார். பின்னால் அவர் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930ல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். செம்பனையோடு சேர்த்து அக்குள் கிழிசலையும் நட்டுவிட்டுப் போனார் என்பது என் கணக்கு. ஆம்பளைச் சட்டையில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உள்ளே ஒரு ஒட்டுத் துண்டு, மேலே நாலு ஓட்டுத் தையல், முடிந்தது.

பெண்கள் சட்டையில் அது என் மானத்தை வாங்கியது 2010 தைப்பூசத்தன்று. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பஸ் பிடித்து பத்துமலைக்குப் போனோம். பால்குடம் எடுத்த பதினோரு பேருக்கும் மஞ்சள் சட்டை நான்தான் தைத்தேன். ரூபியாத் துணி, நல்ல துணி. பால்குடம் என்றால் என்ன? ஆற்றங்கரையிலிருந்து கூட்டத்தில் நெருக்குண்டு நடந்து, 272 படி ஏறும்வரை இரண்டு கையும் தலைக்கு மேலே குடத்தைப் பிடித்தபடி இருக்க வேண்டும். பாதிப் படியில் முதல் சட்டை விட்டது. குகைக்குள் போவதற்குள் மூன்று. கையை இறக்கவும் முடியாது, குடம் சாய்ந்துவிடும். பின்னால் வந்தவர்கள் துண்டைப் போர்த்தி மறைத்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒருவர் மட்டும், “தையக்கா, முருகனுக்கு வேர்வைதான் காணிக்கைன்னு நெனச்சேன், சட்டையையும் கேட்டுட்டாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கிழிந்ததைப் பிரித்துப் பார்த்தேன். தையல் விடவில்லை, துணிதான் கிழிந்திருந்தது. நான் அக்குளை நன்றாக இறக்கி, தாராளமாக வெட்டியிருந்தேன். கை தூக்க வசதியாக இருக்கட்டும் என்று. அப்படியும் கிழிகிறதென்றால் அடுத்த முறை இன்னும் அரை இன்ச் இறக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். முப்பது வருடத் தொழில்காரி எழுதிய குறிப்பு அது.

வழக்கமாக நான் நகரத்துக்குப் போவது செப்டம்பரில், தீபாவளிச் சட்டைகள் குவிவதற்கு முன்னால். அந்த வருடம் செந்தூலில் இருக்கும் தங்கச்சிக்கு அக்டோபர் கடைசியில் ஆபரேஷன். சமைத்துப் போட ஆளில்லை. தீபாவளி நவம்பர் 5. தையல்காரி ஊரை விட்டுப் போகக்கூடாத வாரம் ஒன்று உண்டென்றால் அதுதான். மிஷின் வேலையை ராத்திரி பகலாக முடித்துவிட்டு, கொக்கி வைப்பது, கையால் மடிப்புத் தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது என்று ஊசி வேலையை மட்டும் இரண்டு பெரிய பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பசியாற இட்டிலி, மத்தியானம் ரசம் சாதம், தங்கச்சிக்கு மருந்து. அவள் தூங்கியதும் எனக்கு மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கும். சாயங்காலம் வந்து கொக்கி வைப்பேன். என் வாழ்க்கையில் நகரத்தை அவ்வளவு நன்றாகப் பார்த்த வாரம் வேறில்லை.

முதலில் மஸ்ஜிட் இந்தியா, எப்போதும் போல. செந்தூலில் எல்ஆர்டி ஏறி பண்டாராயாவில் இறங்கினால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். பழைய ஆட்கள் இன்னும் பத்து ரோடு என்றுதான் சொல்வார்கள். அம்மா காலத்தில் கல்யாணத் துணி என்றால் குளோப் சில்க் ஸ்டோர். உள்ளே போகும்போது செருப்பைத் துடைத்துக்கொண்டு போவாளாம். எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. எந்தக் கடையானாலும் துணியின் ஓரத்தைப் பிடித்து விரலில் சுருட்டி, விட்டு, சுருக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பேன். அங்கே ஒரு கடையில் ஒரு காலத்தில் நான் வாங்கிய அரக்கு நிற லைனிங் துணி முதல் துவைப்பிலேயே சாயம் விட்டு, ஒரு மணப்பெண்ணின் சந்தன நிறச் சட்டையைக் கெடுத்திருக்கிறது. அன்றிலிருந்து கைப்பையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் வெள்ளைக் கைக்குட்டையும் இருக்கும். ஓரத்தை நனைத்துக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்ப்பேன். கடைக்காரப் பையன்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

அந்த மாதம் எந்திரன் படம் வந்த மாதம். தெரு முழுக்க அந்தப் பாட்டுதான். சட்டைகளில் முதுகுக்குக் கயிறு கட்டிக் குஞ்சம் தொங்கவிடுவது உச்சத்தில் இருந்தது. ஒரு பெண்ணின் குஞ்சம் அவள் சிலுவார் பாக்கெட்டு வரைக்கும் தொங்கியது. ஆமாம், ஜீன்ஸ் சிலுவாருக்கு மேலே சேலைச் சட்டை. நான் பின்னாலேயே நாலு கடை நடந்து, கயிறு எங்கே தொடங்குகிறது, துணிக் குழாயா வாங்கிய நாடாவா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டேன். பிறகு கேப்பிட்டல் கஃபேயில் மீ கோரெங். 1950களிலிருந்து இருக்கும் கடை. சீனர் கடைக்குள்ளேயே ஒரு மூலையில் மாமாக் மீ, இன்னொரு மூலையில் மலாய்க்காரர் சாத்தே. பளிங்கு மேசையில் உட்கார்ந்து, வாங்கிய நூல்கண்டுகளை வெளிச்சத்தில் பரப்பிப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்த நூல், வாசல் வெளிச்சத்தில் ஊதாவாகிவிட்டால் திரும்பப் போய் மாற்றிவிடலாம்.

புதன்கிழமை, அக்டோபர் 27, பிரிக்ஃபீல்ட்ஸ். லிட்டில் இந்தியா திறப்பு விழா. அப்போதைய நம் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்து திறந்துவைத்த நாள். புது வளைவுகள், ஊதா நிறக் கம்பங்கள், போலீஸ், கூட்டம். தலைவர்களை நான் பார்க்கவில்லை. முன்னால் நின்றவரின் தலைதான் தெரிந்தது. ஆனால் நல்ல சேலைகளைப் பார்த்தேன். பெரிய விழா என்றால் நம்மாள்கள் பெட்டியின் அடியில் இருப்பதை எடுத்துவிடுவார்கள். அசல் காஞ்சிபுரம், கரை தனியாக உடல் தனியாக நெய்து கோத்த கோர்வைச் சேலை, அதற்கு நேர் எதிராகப் பத்து வெள்ளிக்கு வாங்கிய ரெடிமேட் சட்டை. அந்தக் கலவையைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

விழா நடந்த தெருவின் பெயர் ஜாலான் துன் சம்பந்தன். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு அம்மாவின் தகர டப்பாதான் ஞாபகம் வரும். வெள்ளைக்காரர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்க, ஜனங்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு எடுக்கலாம். சங்கம் அந்தப் பணத்தில் தோட்டமே வாங்கும். அம்மா பத்து வெள்ளியை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் அரிசி வாங்குவாள். ‘துண்டாடல்’ என்ற வார்த்தை எங்கள் லயத்தில் பேயைப் போலப் பேசப்பட்டது. எனக்கு அப்போது துண்டு என்றால் துணித் துண்டுதான். அதனால் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று புரியாமல் இருந்தேன்.

மறுநாள்தான் அந்த வாரத்தின் நாள். தங்கச்சி மகள் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பரதம் கற்றுக்கொண்டிருந்தாள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981ல் தொடங்கிய இடம். நடனம், சங்கீதம், கீழே அன்னலட்சுமி என்ற மரக்கறிச் சாப்பாட்டுக்கடை. ‘வேண்டியதைச் சாப்பிடுங்கள், மனம்போலக் கொடுங்கள்’ என்பது அவர்கள் கொள்கை. எனக்கு அது பெரிய சங்கடம். ஒரு சட்டைக்கு இருபது வெள்ளி சொன்னால் பதினைந்துக்கு இறங்கி வா என்கிறவர்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவள் நான். விலையே சொல்லாதவர்களிடம் எப்படிப் பேரம் பேசுவது? மோர்க்குழம்பு நன்றாக இருந்தது, பொரியலில் தேங்காய் தாராளம். ஒரு சட்டைக் கூலியை வைத்துவிட்டு, குறைவோ கூடவோ என்று படியேறும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

மேலே ஒத்திகை. பிள்ளைகள் கையைத் தூக்குகிறார்கள், வளைக்கிறார்கள், பக்கவாட்டில் நீட்டுகிறார்கள், மறுபடி தலைக்கு மேலே. ஒரு சட்டைகூட இடுப்பிலிருந்து நகரவில்லை. என் சட்டையைப் போட்டவர்கள் கையைத் தூக்கினால் சட்டையும் சேர்ந்து தூக்கும். ஒத்திகை முடிந்ததும் தங்கச்சி மகளைத் திருப்பி நிறுத்தி அக்குளைப் பிடித்துப் பார்த்தேன். “பெரியம்மா, எல்லாரும் பாக்கறாங்க” என்று நெளிந்தாள். அக்குள் இறக்கமே இல்லை. உடம்பை ஒட்டி, மேலே, கிட்டத்தட்ட இறுக்கமாக வெட்டியிருந்தது.

நடன உடுப்புத் தைத்தவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். தீபாவளி நெரிசலில் என்னோடு பேச நேரமில்லாதவர். நானும் தையல்காரி என்று சொன்னதும் சீமைச்சுண்ணாம்பைக் காதில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“அக்கா, அக்குளை எறக்குனா கை சுளுவாத் தூக்கலாம்னு நெனைக்கிறீங்க. எறக்க எறக்க கை, உடம்புத் துணியோட போயி ஒட்டிக்கும். கையத் தூக்குனா மொத்தச் சட்டையும் மேல வரும். வர எடமில்லைன்னா கிழியும்.”

என் நோட்டில் இருந்த அரை இன்ச் எனக்கு ஞாபகம் வந்தது. முப்பது வருடமாகத் தப்பான பக்கம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. “ஆனா ஒசத்தி வெட்டுனா எங்க ஆளுங்க இறுக்குதுன்னு திருப்பிக் குடுத்துடுவாங்க தம்பி” என்றேன். தோட்டத்து அக்காக்கள் நடனப் பிள்ளைகள் அல்ல. தோள் திரண்டவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள்.

“அதுக்கு நீங்கதான் வழி கண்டுபிடிக்கணும்” என்று சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வழி கிடைத்தது, கண்ணாடிப் பெட்டிக்குள். மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி நடந்தால் மெர்டேக்கா சதுக்கத்தை ஒட்டித் தேசிய ஜவுளி அருங்காட்சியகம். சிவப்புச் செங்கலும் வெள்ளைப் பட்டையுமாக 1896ல் கட்டிய கட்டடம். ஒரு காலத்தில் ரயில்வேயின் தலைமை அலுவலகம். அருங்காட்சியகமாகத் திறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெரிய எதிர்பார்ப்பில்லாமல்தான் போனேன். குளிர்சாதனத்தில் கொஞ்சம் உட்காரலாமே என்றுதான். போனவள் மூன்று மணி நேரம் நின்றேன்.

சோங்கேட்டை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். தறியில் ஊடு நூலோடு தங்க இழையைத் தனியாகக் கோத்துக்கோத்துப் பூ எடுப்பது. நம் சரிகை வேலைக்கு அண்ணன் தம்பி முறை. சரவாக்கின் புவா கும்பு, டெரெங்கானுவின் பாத்தேக். கட்டம் போட்ட பெலேக்காட் கைலி ஒன்றைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மலாய்க்கார ஆண்கள் தொழுகைக்கும் வீட்டுக்கும் கட்டும் அந்தக் கைலியின் பெயர், தமிழ்நாட்டுப் பழவேற்காட்டின் பெயர். அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்த துணி, ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. எங்கள் தாத்தாமார்கள் சஞ்சிக் கூலியாக வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மூர்த் துணி இங்கே குடியேறிவிட்டது.

பிறகு ஒரு பழைய பாஜு கூரோங். கையை விரித்து மாட்டியிருந்தார்கள். பாஜு கூரோங் எனக்குப் புதிதா? பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்குமாக நூற்றுக்கணக்கில் தைத்தவள். ஆனால் நான் தைத்தது புது மோஸ்தர். சாதாரணச் சட்டை போல அக்குளை வளைத்து வெட்டிக் கையை ஏற்றிவிடுவது. பழைய முறையில் அக்குளில் வளைவே கிடையாது. எல்லாம் நேர்வெட்டு. பக்கத்தில் பெசாக் என்ற பட்டை. கையும் பட்டையும் சேரும் மூலையில் கெக்கெக் என்ற சின்னச் சதுரத் துண்டு, மூலைவாட்டில் மடிந்து உட்கார்ந்திருந்தது. கையைத் தொங்கவிட்டால் அது உள்ளே மடிந்து மறைந்துவிடும். தூக்கினால் விரிந்து இடம் கொடுக்கும். சதுரம் சாய்ந்து நிற்பதால் இழுப்பு துணியின் குறுக்கு வாட்டில் விழும். குறுக்கு வாட்டில் எந்தப் பருத்தியும் கொஞ்சம் நீளும். கிழியாது.

காவலாளி வந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டாதீர்கள் என்று பணிவாகச் சொன்னார்.

அன்று ராத்திரி தங்கச்சி வீட்டில் ஒரு பழைய தலையணை உறையை வெட்டிக் கையாலேயே தைத்துப் பார்த்தேன். முதல் நாலு துண்டு மூலையில் சுருங்கின. சனிக்கிழமை ராத்திரி ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கத்துப் பசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் ஒரு மீட்டர் மலிவு ரூபியா வாங்கினேன். கூட்டம், அப்பம் பாலிக் வாசனை, குடைக்குக் கீழே மஞ்சள் பல்பு. அங்கே வேறு என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் கண்ணில் அக்குள்கள் மட்டும்தான் பட்டன.

ஊருக்கு வந்து, தீபாவளிச் சட்டைகளைக் கொடுத்து, ஏச்சு வாங்கி, எல்லாம் அடங்கிய பிறகு வேலையைத் தொடங்கினேன். நடன உடுப்புக்காரர் சொன்னபடி அக்குளை முக்கால் இன்ச் உயர்த்தினேன். இறுக்கத்துக்குப் பரிகாரமாக மூன்று இன்ச் சதுரம். பக்கத் தையலும் கைத் தையலும் சந்திக்கும் மூலையில் வைக்க வேண்டும். அந்த மூலைதான் உயிர். தையல் மூலைக்கு வரும்போது நிறுத்தி, ஊசியைத் துணிக்குள்ளேயே இறக்கி வைத்து, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி இறக்க வேண்டும். ஒரு தையல் தாண்டினால் சுருங்கும், ஒரு தையல் குறைந்தால் ஓட்டை. கால்மிஷின் இல்லாமல் எனக்கு அது வந்திருக்காது. மூலைக்கு உள்பக்கம் நகக்கண் அளவு ஒட்டுத் துண்டு, நூல் பிரியாமலிருக்க. லைனிங் வைத்த பட்டுச் சட்டைக்கு இன்றுவரை நான் இதைச் செய்வதில்லை. தடித்துப்போய் அக்குளில் உறுத்தும்.

2011 தைப்பூசம் ஜனவரி 20. அதே அக்காக்கள், இரண்டு பேர் கூட. பதின்மூன்று சட்டை. கூலி ஐந்து வெள்ளி ஏற்றியதற்கு ஒரு வாரம் பேசினார்கள். படியில் நான் பின்னாலேயே ஊசியும் மஞ்சள் நூலுமாக ஏறினேன். ஒன்றும் விடவில்லை. இறங்கும்போது ஓர் அக்காவின் சட்டை கிழிந்தது, ஆனால் அது காவடிக்காரர் ஒருவரின் கொக்கி மாட்டி. அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்தத் துண்டுக்கு எங்கள் பக்கம் ‘பால்குடத் துண்டு’ என்று பெயர் வந்துவிட்டது. பால்குடம் எடுக்காதவர்களும் கேட்பார்கள். கரும்பலகையில் எழுதும் டீச்சர், கொடியில் துணி காயப்போடுகிறவர்கள், செம்பனைக்குப் போகும் ஆம்பளைகளுக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள். போனில் யாரோ நடிகையின் முதுகைக் காட்டி, “இது மாதிரிதான் வேணும் தையக்கா, ஆனா பால்குடத் துண்டு வச்சிருங்க” என்பார்கள்.

ஆற்றோரக் கம்பத்திலிருந்து ஒரு மலாய்க்கார அக்கா பல வருடமாக என்னிடம் பேத்திகளுக்குப் பள்ளி உடுப்புத் தைக்கக் கொடுப்பவர். ஒரு நாள் மேசையில் கிடந்த மஞ்சள் சட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், அக்குளில் விரலை விட்டு, சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “இது எங்கள் கெக்கெக் அல்லவா?” என்றார் மலாயில். நான் அருங்காட்சியகம் போனதையும், கண்ணாடிப் பெட்டியையும், காவலாளியையும், தலையணை உறையையும் விடாமல் சொன்னேன்.

“கோலாலம்பூருக்கா போனாய்? என் வீட்டுக் கொடியில் காய்கிறதே” என்றார். பிறகு சட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூலையை நகத்தால் கீறிப் பார்த்து, “தையல் கொஞ்சம் நீளம். இன்னும் பொடியாகப் போடு” என்று சொல்லிவிட்டு, பேத்தியின் அளவுச் சட்டையை மேசையில் வைத்தார்.